இரண்டாவதை அழி, லிடியா!

உப்பு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பாலகுருவின் உப்புப் பாத்தியில் ஒரு மூலை மட்டும் சிவந்து கிடந்தது.

வாய்க்காலைத் திறந்துவிட வந்த பூவிழி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூரியன் இறங்குகிற நேரம். பாத்தித் தண்ணீர் சிவப்பாகத் தெரிவது வழக்கம்தான்.

பக்கத்தில் போனாள்.

முழங்கால் ஆழம்கூட இல்லாத அந்தத் தண்ணீரில் குப்புறக் கிடந்தது... முதலாளி பாலகுரு!

பின்மண்டை பிளந்திருந்தது. வரப்பின் மேல் டீசல் இன்ஜின் சுற்றுகிற இரும்புக் கைப்பிடி.

பூவிழி போட்ட அலறலில் கழுவெளிச் சதுப்பில் நின்றிருந்த நாரைக் கூட்டம் மொத்தமாய் எழும்பியது!

மறுநாள் விடிவதற்குள் போலீஸ் ஒருவனைத் தூக்கிவிட்டது.

ராஜவேல். பாலகுருவின் உப்பைக் 'குட்டியானை' மினி லாரியில் ஏற்றிப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகிற டிரைவர்.

ஆதாரம்? கேமரா!

பாத்திக்கு வண்டி போகிற வழியில் இருந்த உப்புக் கோடவுன் வாசலில் பாலகுரு ஒரு கேமரா வைத்திருந்தார். உள்ளே இருந்த கம்ப்யூட்டரில் அது பதிவாகும். வாசலில் நடமாட்டம் இருந்தால் மட்டும் பதிவாகும்.

அன்று அந்த வாசலைக் கடந்த வெளியாட்கள் இரண்டே பேர்.

காலை ஆறு பத்துக்குப் பாலகுருவின் மனைவியின் தம்பி கலிவரதன். கொஞ்ச நேரத்தில் வெளியே போய்விட்டான்.

ஒன்பது நாற்பதுக்கு ராஜவேல். அவனும் கொஞ்ச நேரத்தில் போய்விட்டான். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

ஒன்பது மணிவரை பாலகுரு உயிரோடு இருந்ததை வேலையாட்கள் பார்த்திருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் அவர்கள் வரப்பு வழியாக வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆக, கடைசியாகப் பார்த்தவன் ராஜவேல்.

கொன்றவன்?

ஊரே ஒரே பதிலைச் சொன்னது. ஒருத்தியைத் தவிர.

*

லிடியாவின் செல்போன் அதிர்ந்தது.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஈ.சி.ஆர். ரோட்டைப் பார்த்த சின்னக் கடை அவளுடையது. கம்ப்யூட்டர் சர்வீஸ். நாலு நாளாய் எந்த வேலையும் ஓடவில்லை. ஸ்குரூவைக் கழற்றுவாள். எதற்குக் கழற்றினோம் என்று யோசிப்பாள். மறுபடி மாட்டுவாள்.

ராஜவேல்தான் அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

அது அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா இராயப்பனுக்குத் தெரிந்தால் மாதா கோயில் மணியைவிடச் சத்தமாக வீடு அதிரும்!

போனை எடுத்தாள்.

"லிடியாவாம்மா? நான் ரேணுகா பேசுறேன். பாலகுரு வீட்டுல."

லிடியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்தவரின் மனைவி!

"சொ... சொல்லுங்கக்கா."

"ஒரு கம்ப்யூட்டர் கொண்டு வரேன். அதுல ரெண்டு சிஸ்டம் இருக்குது. ஒண்ணை எடுத்துடணும்."

"எந்தக் கம்ப்யூட்டர்க்கா?"

"கோடவுன் கம்ப்யூட்டர்."

போன் துண்டிக்கப்பட்டது.

புருஷன் செத்து ஐந்து நாள்கூட ஆகவில்லை. காரியம் முடியவில்லை. அதற்குள் கம்ப்யூட்டரில் எதையோ அழிக்க வேண்டுமாம்!



*

ரேணுகா தனியாக வரவில்லை.

பின்னாலேயே துண்டில் சுற்றிய சி.பி.யூவைத் தூக்கிக்கொண்டு கலிவரதன் வந்தான். முப்பத்தைந்து வயசு. முகமெல்லாம் சிரிப்பு. கழுத்தெல்லாம் வியர்வை.

"ஏம்மா, சீக்கிரம் முடிச்சிடுவியா? என் இறால் பண்ணை ஆபீசுக்கு இது வேணும்."

"என்ன பிரச்சனைண்ணா?"

"விண்டோஸ் ஒண்ணு, லினக்ஸ் ஒண்ணுன்னு எங்க மாமா ரெண்டு போட்டு வெச்சிருந்தாரு. ஆன் பண்ணா லினக்ஸ்தான் தானா வருது. ஸ்லோவா வேற இருக்குது. அந்த லினக்ஸ் வேணாம். அடியோட எடுத்துடு."

"அதை அழிச்சா உள்ள இருக்கற ஃபைலெல்லாம் போயிடுமே?"

"போகட்டும்!"

பதில் ரொம்ப வேகமாக வந்தது.

"விண்டோஸையும் புதுசா போட்டுடட்டுமா? இன்னும் ஸ்பீடா இருக்கும்."

"வேணாம் வேணாம்!" நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். "விண்டோஸ்ல கைய வெச்சிடாதே. கேமரா ரெக்கார்டிங் அதுலதான் இருக்குது. போலீஸ்ல காப்பி எடுத்துட்டாங்க. ஆனா கோர்ட்டுல ஒரிஜினல் கேப்பாங்களாம். அந்த டிரைவர் நாய் தப்பிச்சிடக் கூடாது பாரு."

டிரைவர் நாய்!

லிடியா கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மெல்லக் கீழே வைத்தாள். கையில் வைத்திருந்தால் எதையாவது செய்துவிடுவாள்.

"நானே யூடியூப்பைப் பார்த்து எடுத்துடலாம்னுதான் பார்த்தேன். தப்பா அழிச்சா மொத்தக் கம்ப்யூட்டரும் எழுந்திருக்காதுன்னு அதுல சொன்னான்."

"ஆமாண்ணா. ரெண்டு சிஸ்டத்துக்கும் வாசல் ஒண்ணு. அந்த வாசக்கதவு லினக்ஸ்கிட்ட இருக்குது. அதை விண்டோஸ் பக்கம் மாத்தி வெச்சிட்டுத்தான் லினக்ஸை வெளிய தள்ளணும். இல்லன்னா கறுப்பு ஸ்கிரீன்தான்."

"சரி, தள்ளு."

ரேணுகா ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத முகமில்லை. தூங்காத முகம்.

திடீரென்று திரும்பினாள்.

"அவசரப்படாம பாரும்மா."

"அக்கா, நீ சும்மா இரு!" கலிவரதன் சீறினான்.

லிடியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் இடையில் என்ன? கூட்டுக் களவாணிகளா? புருஷனை முடித்துவிட்டுத் தம்பியோடு சேர்ந்து தடயத்தை அழிக்க வந்திருக்கிறாளா?

சி.பி.யூவை மேஜைமேல் வைத்தாள். மானிட்டரை மாட்டினாள். நெட் கேபிளைச் சொருகினாள். ஆன் செய்தாள்.

லினக்ஸ் தானாக எழுந்தது.

அதே நேரம் கலிவரதனின் போன் அடித்தது. "தோ... பண்ணையிலேர்ந்து" என்று சொல்லிக்கொண்டே வெளியே வேப்பமர நிழலுக்குப் போனான். அங்கிருந்தும் கண் மட்டும் கடைக்குள்ளேயே இருந்தது.

லிடியா பரபரவென்று துழாவினாள்.

டாக்குமெண்ட்ஸ்... காலி.

படங்கள்... ஒன்றுமில்லை.

டவுன்லோட்ஸ்... மழை வருமா என்று பார்க்கிற ஒரே ஒரு மேப். உப்புக்காரன் வேறு எதைப் பார்ப்பான்?

மறைத்து வைத்த ஃபோல்டர்? தேடினாள். இல்லை!

இதில் எதுவுமே இல்லையே! பிறகு எதற்கு இந்த வியர்வை?

"என்னம்மா, அழிச்சாச்சா?" வெளியிலிருந்து குரல்.

"விண்டோஸ் பக்கத்துல போய்த்தாண்ணா அழிக்கணும். ரீஸ்டார்ட் பண்றேன்."

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. இந்தத் தடவை விண்டோஸைத் தேர்ந்தெடுத்தாள்.

திரை வந்தது. வலது கீழ் மூலையில் நேரம்.

லிடியா அதைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

சுவரில் பதினொன்றரை.

திரையில் ஆறு!

தோளைக் குலுக்கிக்கொண்டாள். இது எப்போதும் நடக்கிற கூத்துதான். இரண்டு சிஸ்டம் போட்டவர்கள் எல்லோரும் வந்து புலம்புகிற விஷயம். சரிசெய்து கொடுத்து அனுப்புவாள். பத்து பேருக்காவது செய்திருப்பாள்.

மவுஸைப் பிடித்த கை... அப்படியே நின்றது.

ஆறு மணி.

ஆறு பத்து!

கேமரா ஃபோல்டரைத் திறந்தாள். அந்தத் தேதி. முதல் பதிவு... 6:10.

கலிவரதன் பைக்கில் உள்ளே போகிறான். முகம் தெளிவாகத் தெரிகிறது. வெளிச்சம் பளீரென்று...

காலை ஆறு மணிக்கு இவ்வளவு வெளிச்சமா?

படத்தை நிறுத்தினாள். கண்ணை மானிட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

பைக்கின் நிழல் எங்கே?

டயருக்கு அடியில்!

வாசலில் நின்ற பனைமரத்தின் நிழல்? அதன் காலடியிலேயே, ஒரு பானை அளவுக்குச் சுருண்டு கிடந்தது.

காலை ஆறு மணிக்குக் கடலுக்கு மேலே சூரியன் தலை தூக்கியிருக்கும். நிழல் ஒவ்வொன்றும் கோடவுன் சுவர்வரை நீண்டிருக்க வேண்டும். இது உச்சி வெயில்!

அடுத்த பதிவு. 9:40. ராஜவேலின் குட்டியானை. நிழல் மேற்கே சாய்ந்து, ஆள் உயரத்துக்கு நீண்டிருந்தது. இது சரியான காலை வெயில்.

ராஜவேலுக்குப் பிறகுதான் கலிவரதன் வந்திருக்கிறான்!

'உள்ளே இருக்கிறதை அழிக்க வரலை இவன்...' லிடியாவுக்குப் பளிச்சென்று புரிந்தது. 'லினக்ஸ்னு ஒண்ணு இதுல இருந்துச்சுங்கறதையே அழிக்க வந்திருக்கான்!'

"என்ன படம் ஓடுது?"

குரல் அவள் பிடரிக்குப் பின்னால் கேட்டது.

*

எப்போது உள்ளே வந்தான்?

லிடியா திரும்பவில்லை. விரல் மட்டும் அசைந்து படத்தை மூடியது.

"நீங்கதானேண்ணா ரெக்கார்டிங் முக்கியம்னு சொன்னீங்க. எல்லாம் ஓடுதான்னு ஒரு தடவை பார்த்துக்கிட்டேன். அப்புறம் போயிடுச்சுன்னு என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது பாருங்க."

அவன் சிரிக்கவில்லை.

"டைம் ஏன் இப்படிக் காட்டுது?"

"பழைய பேட்டரிண்ணா. மாத்தணும்."

"ஓ..."

அந்த 'ஓ' நீளமாக இருந்தது. அவன் கை மேஜையைச் சுற்றிப் போய் சி.பி.யூவின் பவர் கேபிளைப் பிடித்தது.

"ஏம்மா, நான் பாண்டிச்சேரில குடுத்துப் பார்த்துக்கறேன். கழட்டு."

"இப்பவா? பாதி வேலை ஆயிடுச்சேண்ணா! நடுவுல புடுங்கினா ரெக்கார்டிங் மொத்தமும் காலி. அப்புறம் கோர்ட்டுல என்ன காட்டுவீங்க?"

பச்சைப் பொய். ஆனால் வேலை செய்தது! கேபிளைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அந்த ரெக்கார்டிங் போனால் அவனுடைய ஆறு மணிச் சாட்சியும் போய்விடுமே!

"எவ்வளவு நேரம்?"

"பத்தே நிமிஷம்."

லிடியா போனை எடுத்தாள். ஸ்டேஷன் கம்ப்யூட்டர்களுக்கு அவள்தான் சர்வீஸ். எஸ்.ஐ. விஜயலட்சுமியின் நம்பர் அவளிடம் இருந்தது.

"யாருக்கு?" என்றான் கலிவரதன்.

"ஸ்கூல் ஹெச்.எம்.முக்குண்ணா. வேலை முடிஞ்சு கிடக்குது, வந்து எடுக்க மாட்டேங்கறாங்க." போன் எடுக்கப்பட்டது. "மேடம், லிடியா பேசுறேன். உங்க பிரிண்டர் ரெடி."

மறுமுனையில் விஜயலட்சுமி குழம்பினாள். "எந்த பிரிண்டர்? நான் ஒண்ணும் குடுக்கலையே?"

"ஆமா மேடம், அதேதான். போன வாரம் உப்புத் தண்ணி பட்டு ரிப்பேர் ஆச்சே, அது. தப்பா வேற பார்ட்டை மாட்டி வெச்சிருந்தாங்க. இப்பத்தான் சரியான பார்ட் என் கடைக்கே வந்திருக்குது. நீங்களே உடனே வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. ஆள் அனுப்பாதீங்க."

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிற சத்தம் கேட்டது.



"வர்றேன்."

*

அந்தப் பத்து நிமிஷத்தை லிடியா ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

திரையில் சும்மா ஒரு ஸ்கேனை ஓடவிட்டாள். பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. கலிவரதன் அதையே பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். ரேணுகா ரோட்டைப் பார்த்தாள்.

ஜீப் வந்து நின்றது.

கலிவரதனின் முகத்தில் சிரிப்பு திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

"வாங்க மேடம்! நீங்க எங்க இங்க?"

"பிரிண்டர் வாங்க" என்றாள் விஜயலட்சுமி. "சொல்லு லிடியா."

லிடியா படத்தைத் திரையில் போட்டாள். எழுந்து நின்றாள்.

"மேடம், இது காலைல ஆறு பத்தா?"

"கேமரா அப்படித்தான் சொல்லுது."

"பனைமரம் என்ன சொல்லுதுன்னு பாருங்க."

விஜயலட்சுமி குனிந்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நிழலே இல்ல..."

"இந்தக் கம்ப்யூட்டர்ல ரெண்டு சிஸ்டம் மேடம். கடிகாரம் ஒண்ணுதான். விண்டோஸ் அதை நம்ம ஊரு நேரம்னு எடுத்துக்கும். லினக்ஸ் அதை லண்டன் நேரம்னு எடுத்துக்கும். ஒரு தடவை லினக்ஸ் வந்துட்டுப் போனா, லண்டன் நேரத்தை எழுதி வெச்சிட்டுப் போயிடும். அடுத்து விண்டோஸ் எழுந்து பார்த்தா அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருக்கும். பதினொண்ணு நாற்பது... ஆறு பத்தா ஆயிடும்!"

"பொய்!" கலிவரதன் கத்தினான். "நேரம் தப்புன்னா அந்த டிரைவர் வந்த நேரமும் தப்புதான்! எனக்கு மட்டும் எப்படித் தப்பாகும்?"

நல்ல கேள்வி. விஜயலட்சுமியும் லிடியாவைத்தான் பார்த்தாள்.

"மேடம், அன்னைக்குப் பத்தரை மணிக்கு ஊரு பூரா கரண்ட் போய் வந்துச்சு, ஞாபகம் இருக்குதா? கம்ப்யூட்டர் அணைஞ்சு, திரும்ப ஆன் பண்ணப்போ லினக்ஸ் தானா வந்திருக்குது. எழுந்த நேரத்தை லினக்ஸ் எழுதி வெச்சிக்கும், இப்பவே காட்டுறேன். பாலகுரு அண்ணன் பார்த்துட்டுத் திரும்ப விண்டோஸுக்கு மாத்தியிருக்காரு. அதுக்கு முன்னாடி வந்தவன் ராஜவேல், அவன் நேரம் சரி. அதுக்கு அப்புறம் வந்தவர்... இவரு!"

"மதியம் மறுபடியும் கரண்ட் போச்சு" என்று முணுமுணுத்தாள் விஜயலட்சுமி. "திரும்ப ஆன் பண்ண ஆளில்ல, அதனால அப்புறம் எதுவும் பதிவாகலை. சாயங்காலம் நாங்க போனப்போ கம்ப்யூட்டரை ஆன் பண்ணிக் குடுத்தது..."

மெல்லத் திரும்பினாள்.

"நீதானே கலிவரதா? கடிகாரம் தப்பா காட்டியிருக்கும். திருத்திட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்க!"

கலிவரதன் பாய்ந்தான். கதவுப் பக்கம் இல்லை, அக்கா பக்கம்!

"அக்கா! நீ சொல்லு! அன்னைக்குக் காலைல ஆறு மணிக்கு நான் எங்க இருந்தேன்? சொல்லுக்கா!"

ரேணுகா தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க வீட்டுல தூங்கிட்டிருந்தே."



"அக்கா..."

"போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டது நான்தான்டா. பதினோரு மணிக்கு மேல என் கையால சாப்பிட்டுட்டுத்தான் வண்டியை எடுத்தே. எறா குட்டைக் கழிவை வாய்க்கால்ல விடுற விஷயம் மாமாவுக்குத் தெரிஞ்சு போச்சு, போய்ப் பேசிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் போனே. அப்புறம் போலீஸ்ல ஆறு மணிக்குப் போனேன்னு சொன்னே. கேமராவும் ஆறு மணின்னே காட்டுச்சு. எனக்குப் பைத்தியமா, கேமராவுக்குப் பைத்தியமான்னு தெரியாம நாலு நாளா தூங்கலைடா நான்."

கலிவரதன் ஓடினான்!

ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டு வந்தது. அதற்குத் தயங்கி ஒரு நொடி நின்றான். அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது. ஜீப்பிலிருந்து குதித்த கான்ஸ்டபிள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

"அடிக்கணும்னு போகலை மேடம்..." தரையில் உட்கார்ந்து அழுதான். "கலெக்டர்கிட்ட மனு குடுக்கப் போறேன்னாரு. என் பண்ணையை மூடிடுவாங்க மேடம். கைல ஹேண்டில் இருந்துச்சு... தெரியாம..."

ஜீப் கிளம்பியது.

*

லிடியா ரேணுகாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"அக்கா, நான் உங்களையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டேன். மன்னிச்சிடுங்க."

"படாம இருந்தாத்தான் தப்பு."

"ஸ்டேஷனுக்கே போயிருக்கலாமேக்கா?"

"போய் என்னன்னு சொல்றது? கேமரா பொய் சொல்லுது, நான் நிஜம் சொல்றேன்னா? யாரு நம்புவாங்க? அதுவும் கூடப் பொறந்தவனை..." டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒருவேளை என் சந்தேகம் தப்பாயிருந்தா? அப்பத்தான் இவன் வந்து, அந்த ரெண்டாவது சிஸ்டத்தை எடுக்கணும், பாண்டிச்சேரிக்குக் கொண்டு போறேன்னான். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா தம்பியைத் தெரியும். நான்தான் லிடியா கடைக்குப் போனாத்தான் குடுப்பேன்னு அடம் புடிச்சேன்."

"ஏங்க்கா என் கடை?"

ரேணுகா முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வேற எந்தக் கடைக்காரனும் சொன்ன வேலையை முடிச்சிக் குடுத்துடுவான். ராஜவேல் உயிரு தொங்கிட்டிருக்கறப்போ, நீ ஒருத்திதான் தோண்டித் துருவிப் பார்ப்பே."

லிடியாவின் வாய் தானாகத் திறந்தது.

"உங்களுக்கு... எப்படி...?"

"என் வீட்டுக்காரர் சொன்னாரு. ரிஜிஸ்டர் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து போட வரேன்னு ராஜவேலுக்கு வாக்கு குடுத்திருந்தாராம்." எழுந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அவரு இல்ல. அந்தக் கையெழுத்தை நான் வந்து போடுறேன்."

லிடியா அவளைக் கட்டிக்கொண்டாள். ரேணுகா அப்போதுதான் அழுதாள். புருஷனுக்காகவா, தம்பிக்காகவா என்று அவளுக்கே தெரியாத அழுகை.

*

கோர்ட்டு நடைமுறையெல்லாம் முடிந்து ராஜவேல் வெளியே வந்தான். நேராகக் கடைக்கு வந்தான். இளைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. வந்ததும் வராததுமாய் லிடியாவின் கையைப் பிடித்தான். ரோட்டில் நாலு பேர் பார்த்தார்கள்.

"கையை விடுப்பா! ஊரே பாக்குது!"

"பார்க்கட்டும். ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு மீன் மார்க்கெட் வரைக்கும் நம்ம கதைதான் ஓடுது. இனிமே என்ன ஒளிவு மறைவு?" ராஜவேல் நெஞ்சை நிமிர்த்தினான். "தோ, இப்பவே போறேன். உங்கப்பா முன்னால நின்னு பொண்ணு குடுங்கன்னு கேட்டுடுறேன்!"

லிடியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அவசரப்படாதே சாமி! இப்பத்தான் ஒரு கொலைக் கேஸ்லேர்ந்து கொலைகாரன் இல்லைன்னு வெளிய வந்திருக்கே... அடுத்த கேஸ்ல பொணமா போய்ப் படுத்துக்காதே!"